சென்னையில் வீடு வாங்கும் முன்: முன்பணத்துக்கு முந்திய வேலைகள்



நம் ஊரில் ஆண்டுத்தேர்வு முடிந்ததும் சில வீடுகளில் பூட்டுத் தொங்கத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் கல்லூரி, வேலை, பெரியவர்களின் வைத்தியம் என்று காரணம் எதுவானாலும் போகிற இடம் பெரும்பாலும் சென்னைதான். அங்கே போய்ச் சில மாதங்களில், "இவ்வளவு வாடகை கொடுப்பதற்குச் சொந்தமாகவே ஒரு வீடு வாங்கிவிடலாமே" என்ற பேச்சு வரும். வளைகுடாவில் பல வருடம் உழைத்த பணம், வாப்பா விட்டுச்சென்ற வீட்டை விற்ற பணம், பெண்களின் நகை எல்லாம் ஒரே பத்திரத்தில் போய்ச் சேரும். அந்தப் பத்திரம் பழுதானால் அந்தக் குடும்பம் திரும்ப எழுந்து நிற்க ஒரு தலைமுறை ஆகும்.

நம்மிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலர் முன்பணம் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். அதற்குப் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை. பணம் கைமாறும் வரை கேள்வி கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. மாறிய பிறகு கெஞ்சும் நிலைதான். ஆகவே, முன்பணத்துக்கு முன்பு முடிக்க வேண்டிய வேலைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் வருடம் வாடகை வீடு

போன உடனே வீடு வாங்காதீர்கள். ஒரு மழைக்காலமாவது அந்தப் பகுதியில் குடியிருந்து பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளும் பட்ட பாட்டை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஏப்ரல் மாதத்தில் வீடு பார்க்கப் போகிறவருக்கு அதே தெரு அழகாகத்தான் தெரியும். எதிரிலுள்ள மளிகைக் கடைக்காரரிடமும் கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடமும், "மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். விற்பவரும் தரகரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊருக்கு வந்துபோகும் வழியையும் கணக்கில் வையுங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. தாம்பரத்தில் ரயில் ஏறலாம். மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் பள்ளிவாசலும் மக்தபும் உறவும் பக்கத்தில் இருக்கும்; வீடு சிறியதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும். வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் போய்வரும் நேரம் கூடும். எது நம் குடும்பத்துக்குச் சரி என்பது ஒரு வருடம் வாழ்ந்தால்தான் தெரியும்.

சில இடங்களில் பெயரைக் கேட்டதும், "வீடு ஆள் வந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். மனம் வலிக்கத்தான் செய்யும். அந்தப் பகுதிப் பள்ளிவாசல் ஜமாஅத்தாரை முன்கூட்டியே தொடர்புகொண்டால் வீடு கொடுக்கக்கூடியவர்களை அவர்களே காட்டுவார்கள். வாடகைக்குக் கிடைத்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கொடுத்த அட்வான்ஸ் தொகையை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஊர் வீட்டை விற்பதானால்

சென்னையில் வாங்குவதற்காக ஊர் வீட்டை விற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பது. வீடு மர்ஹூமான வாப்பாவின் பெயரில் இருந்தால், அவர் கண்மூடிய அன்றே அது வாரிசுகள் அனைவருக்கும் பங்காகிவிட்டது. பாகப்பிரிவினை எழுதவில்லை என்பதால் பங்கு இல்லாமல் போவதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தபோது நகையும் சீரும் கொடுத்ததால் அவளுடைய பங்கு தீர்ந்துவிட்டது என்பதும் தவறு.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடனும் மரண சாசனமும் இல்லாமல் ஒருவர் மறைந்தார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். வீட்டை 32 பங்காக வைத்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 பங்கு. மீதி 28 பங்கில் மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. வீடு 64 லட்சத்துக்கு விலைபோனால் உம்மாவுக்கு 8 லட்சம், மகனுக்கு 28 லட்சம், ஒவ்வொரு மகளுக்கும் 14 லட்சம். சென்னையில் வீடு வாங்கப்போகும் மகன் கையிலுள்ளது 28 லட்சம்தான். 64 லட்சம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வீடு தேடினால் சகோதரிகளின் மனமும் நோகாது. விற்ற பத்திரமும் பிற்காலத்தில் நீதிமன்றத்துக்குப் போகாது. சகோதரிகள் விட்டுக்கொடுக்க விரும்பினால், அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை முதலில் தெரிவித்துவிட்டு, பிறகு அவர்கள் மனப்பூர்வமாகச் சொல்லட்டும். பிறகு விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம்.

வாரிசுகளில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நம் தனியார் சட்டப்படி, தகப்பன் இறந்ததும் தாய் தானாகவே பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பிள்ளையின் பங்கை உம்மா விற்றுக் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது.

இதே கேள்விகளை நாம் வாங்கப்போகும் வீட்டின் சொந்தக்காரரிடமும் கேட்க வேண்டும்.

யாருடைய பணம், யாருடைய பெயர்

துபாயிலிருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறார். சென்னையிலிருக்கும் தம்பி பெயரில் வீடு வாங்கப்படுகிறது. "நமக்குள் என்ன கணக்கு?" என்று எதையும் எழுதுவதில்லை. பிறகு ஒருவர் மவுத்தாகிவிட்டால் பிள்ளைகள் காலத்தில் அது வழக்காகிறது.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 2016-ல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டம், கணக்குக் காட்டக்கூடிய தன் பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்குவதை அனுமதிக்கிறது. சகோதரன், சகோதரி பெயரில் வாங்குவதானால் பணம் போட்டவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆகவே அனுப்பிய பணம் கடனா, அன்பளிப்பா, பங்கா என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பங்கு என்றால் பத்திரத்தில் பெயர் வரட்டும். கடன் என்றால் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனே (2:282) நமக்குக் கட்டளையிடுகிறது.

மனைவியின் நகையை விற்றுப் பணம் சேர்த்திருந்தால் அது அவருடைய சொத்து. அந்த அளவுக்கு அவர் பெயரும் பத்திரத்தில் இருப்பதே நியாயம்.

வெளிநாட்டிலிருப்பவர் வர முடியாமல் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வட்டியைத் தவிர்க்க நினைப்பவர்கள் சிறிய வீட்டோடு திருப்தி அடைவது, கட்டுமான நிறுவனத்திடம் வட்டியில்லாத தவணை கேட்பது, உறவினரிடம் கைமாற்று வாங்குவது, இன்னும் சில வருடம் வாடகையிலேயே இருந்து சேமிப்பது என்ற வழிகளைப் பார்க்கலாம். வாடகை வீட்டில் இருப்பது குறைச்சல் இல்லை. கடன் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பார்க்க வேண்டிய பத்திரங்கள்

மூலப்பத்திரத்தின் அசலைப் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது. அசல் வங்கியில் இருக்கிறது என்றால் வீடு அடமானத்தில் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு பாக்கி என்று வங்கியிலிருந்து கடிதம் கேளுங்கள்.

குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான விஷயங்கள் மட்டும்தான் தெரியும். பதிவு செய்யாத உயிலோ, வாய்மொழியாகக் கொடுத்த ஹிபாவோ, பெயர் மறைக்கப்பட்ட வாரிசோ அதில் தெரியாது. நம் சட்டத்தில் ஹிபா வாய்மொழியாகவும் செல்லும் என்பதால், முஸ்லிம் குடும்பத்திடம் வாங்கும்போது வாரிசுச் சான்றிதழைப் பார்ப்பதோடு, அந்த மஹல்லாவிலும் விசாரியுங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண்ணும் அளவும் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நிலம் புறம்போக்காகவோ நீர்நிலையாகவோ கோயில் நிலமாகவோ வக்ஃப் நிலமாகவோ இருக்கக் கூடாது. வக்ஃப் சொத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பழைய பள்ளிவாசல், தர்கா பக்கத்து இடமானால் வக்ஃப் வாரியத்தின் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள்.

மனையானால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளில், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றுக்கு மட்டும் வரன்முறைத் திட்டம் வந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இவற்றைப் பார்த்துச் சொல்ல நாமே ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டும். விற்பவரோ தரகரோ கொண்டுவரும் வழக்கறிஞர் போதாது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டு விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

புதிய அடுக்குமாடி என்றால்

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ உள்ள திட்டங்களை ரெரா ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விளம்பரத்திலுள்ள பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இந்தச் சட்டத்தில் நமக்கு மிகவும் பயன்படும் விதி ஒன்று உண்டு: எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல், வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது. "இன்றே 25 சதவீதம் கட்டினால் சலுகை" என்று சொல்பவரிடம் இந்த விதியை நினைவூட்டுங்கள்.

விலையைக் கார்பெட் ஏரியாவுக்குச் சொல்லக் கேளுங்கள். சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரையின் அளவு அதுதான். நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். கட்டடம் பழசாகும், நாளைக்கு மதிப்பு அந்த நிலப்பங்குக்குத்தான்.

கணக்கில் விடுபடும் செலவு

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகப் பேசிவிடாதீர்கள். பழைய வீட்டுக்கும் மனைக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு இதுவே 3,60,000 ரூபாய். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்ற சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். சென்னை வீடுகளில் பெரும்பாலானவை அதில் வராது. வழக்கறிஞர், தரகர், மராமத்து, மின் இணைப்புப் பெயர் மாற்றம், சாமான் ஏற்றிச்செல்லும் லாரி வாடகை எல்லாம் இதற்கு மேல்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு வாங்குகிற நமக்கு உண்டு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் விதி வேறு. பிடிக்க வேண்டிய விகிதம் மிகவும் கூடுதல், 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. வளைகுடாவிலிருக்கும் சகோதரரிடம் வாங்கும் முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் நாள்

மேலே சொன்னவை முடிந்த பிறகுதான் முன்பணம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வேண்டாம். வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. வங்கி வழியாகக் கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மொத்த விலை, கொடுத்த தொகை, கெடு, பத்திரத்தில் குறை தெரிந்தால் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "வேறு பார்ட்டி காத்திருக்கிறார், இன்றே டோக்கன் போடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த வீடு போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் வீட்டுக்குப் பஞ்சம் இல்லை.

குடியேறிய பிறகு

ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரியை மாற்றுங்கள். ஊரை விட்டுப் புறப்படும்போதே நம் ஜமாஅத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு, புது மஹல்லாவில் பெயரைப் பதிந்து சந்தா கட்டத் தொடங்குங்கள். நிக்காஹ் பதிவுக்கும், மய்யித்தை அடக்குவதற்கும் போய் நிற்கும் அன்று யாருக்கும் முகம் தெரியாதவர்களாக இருக்கக் கூடாது. ஊரிலேயே வாழ்ந்து பழகிய உம்மாவை அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் குடிவைப்பவர்கள், லிஃப்ட் இருக்கிறதா, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

வீடு பேசி வைத்திருப்பவர்கள் பத்திர நகல்களோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். எந்தக் காகிதம் குறைகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். ஒரே ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வாருங்கள். நம் உழைப்பின் பணம் ஹலாலான, வில்லங்கமில்லாத வீடாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.