மேல்விலாசம் தவறிய பார்சல்

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் என்று ஓர் ஊர் உண்டு. மருது சகோதரர்கள் 1801-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. வடக்கே, ஜோலார்ப்பேட்டைக்கு அருகில், மற்றொரு திருப்பத்தூர் இருக்கிறது. 2019-இல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வேறுபாடுகூட இல்லை. நேர்கோட்டில் அளந்தாலே இடைத்தூரம் 250 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மாணவர் தம் நண்பருக்குப் புத்தகக் கட்டொன்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், கதவு எண், காந்தி தெரு, எல்லாம் அழகாக எழுதி, முடிவில் ‘திருப்பத்தூர்’ என்று மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார். அந்தக் கட்டு எந்த ஊருக்குப் போகும்?

நேயர்களே, இன்று நாம் ஆராயப்போவது இந்தச் சிறு வினாவைத்தான். சிறு வினா என்று சொன்னேனேயொழிய, இதற்கு விடை காண்பதற்கென்றே தபால் இலாகா தனி அலுவலகங்களை நூறாண்டுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறது. இன்று அந்த விடையைத் தேடும் சுமை பெரும்பாலும், மோட்டார் சைக்கிளில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு நம் தெருவில் திரியும் இளைஞர்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

மேல்விலாசத்தை நாம் மேலிருந்து கீழாக எழுதுகிறோம்: முதலில் பெயர், பிறகு வீடு, தெரு, இறுதியில் ஊர். அதைக் கொண்டுசெல்வோரோ கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள். சென்னையில் தபால்களைப் பிரிக்கும் ஊழியருக்குப் பெறுநரின் பெயரால் பயனொன்றும் இல்லை. தெருவின் பெயராலும் இல்லை. எந்த ஊர்ப் பையில் போடவேண்டும் என்பதொன்றே அவருக்குத் தெரிய வேண்டும். ஊர்ப் பெயர் ஐயத்துக்கு இடமாயின் அவ்விடத்திலேயே வேலை தடைப்படுகிறது. இரட்டை ஊர்கள் திருப்பத்தூரோடு முடிவதில்லை. ஆலங்குடி இரண்டு உண்டு. இராமநாதபுரம் ஒரு மாவட்டத் தலைநகரம், கோயமுத்தூரில் ஒரு பேட்டையும்கூட. புதூர்களுக்கும் புதுப்பட்டிகளுக்கும் கணக்கே இல்லை. இது போதாதென்று, நாட்டின் ஒரு மூலையில் எழுதிய மேல்விலாசத்தை மறுமூலையில் உள்ளவர் படிக்கவும் முடியாது, எழுத்தே வேறு.

இத்தொல்லைக்குப் பரிகாரமாகவே 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆறு இலக்கப் பின்கோடு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் தபால் தந்தி வாரியத்தில் உயர்பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவர் என்பது இவ்விடத்துக்குத் தேவையற்ற செய்திதான்; எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியைக் காட்டும்; தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து, தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் குறிக்கும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபாலாபீசைக் குறிக்கும். சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர் 630211. வடக்குத் திருப்பத்தூர் 635601. மூன்றாம் இலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு ஊர்களும் பிரிந்துவிடுகின்றன. தமிழ் அறியாத ஊழியருக்கும் இது போதும்.

ஆனால், எண்ணைத் தவறாக எழுதுவதைவிட எழுதாமலே விடுவது சில வேளை மேலானது. எண் இல்லாத உறையை ஒரு மனிதர் கையிலெடுத்து யோசிப்பார். எண் பிழையான உறையை எந்திரம் யோசிப்பதில்லை. ஊர்ப் பெயர் என்ன சொன்னாலும் அது பெரும்பாலும் எண்ணையே நம்பும். நம் மாணவரின் புத்தகக் கட்டு ஏதோ ஒரு திருப்பத்தூருக்குச் சென்று சேர்கிறது. அங்கே காந்தி தெரு இல்லையென்றால் நல்லகாலம். மற்ற ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கும் ஒரு காந்தி தெரு இருந்து, அதே கதவு எண்ணும் இருந்து, அவ்வீட்டார் கையெழுத்திட்டு வாங்கியும் கொண்டார்களானால், பிறகு அந்தக் கட்டைத் தேடுவது எளிதன்று.

சரியான ஊருக்கு வந்த பின்னரும் கடைசித் தெரு ஒன்று மீதி இருக்கிறது. அதுதான் கடினம். சென்னையில் பல தெருக்களில் கதவு எண்களை மாற்றியமைத்தார்கள். ஆதலால் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு வந்துவிட்டன. ‘எண் 27’ என்று மட்டும் ஒருவர் எழுதினால், அத்தெருவில் புதிய 27 ஒரு வீடு, பழைய 27 வேறொரு வீடு. பார்சல்காரர் இரண்டின் முன்னும் மாறி மாறி நிற்கவேண்டியதுதான். தெருப் பெயர்களும் நிலையாயிருப்பவை அல்ல. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. எட்வர்டு எலியட்ஸ் ரோடு டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. முதியவர்கள் வாயில் பழைய பெயர். பலகையில் புதிய பெயர்.

இனி, அடையாளம் சொல்லுவது. “தம்பி, பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டீர்களா?” என்று தொலைபேசியில் ஒரு பெரியவர் கேட்கிறார். “எந்தப் பிள்ளையார் கோயில், சார்?” என்கிறார் பார்சல்காரர். தமிழ்நாட்டில் இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. ‘வேப்பமரத்துக்கு எதிர்வீடு’ என்று எழுதியிருக்கும். மரத்தை வெட்டி ஆண்டுகள் ஆகியிருக்கும். உள்ளூர்த் தபால்காரருக்கு அந்த மரம் நின்ற இடமும் தெரியும். ஒரே வட்டாரத்தில், தபால் இலாகா மொழியில் ஒரே ‘பீட்’டில், பல்லாண்டு நடந்து பழகியவர் அவர். ‘கணக்கு வாத்தியார் வீட்டு மாடி’ என்று எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்ததென்றால், அது விலாசத்தின் சிறப்பன்று. அவருடைய நினைவின் சிறப்பு. இன்று வரும் இளைஞரோ வேறு மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவராக இருக்கலாம். நேற்று அவர் சுற்றிய பகுதி வேறாகவும் இருக்கலாம். கையிலுள்ள செல்பேசி வரைபடம் தெருமுனை மட்டும் அழைத்துச் சென்று கைவிட்டுவிடும்.

விலாசம் தேறாத தபால்களுக்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. ‘விலாசம் போதாது’, ‘வீடு மாறிப் போய்விட்டார்’, ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் காரணத்தைக் குறிப்பார். அனுப்பியவர் விலாசமும் உறையின்மீது இல்லையானால் அது ஆர்.எல்.ஓ. என்னும் திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும். 1898-ஆம் ஆண்டின் இந்தியத் தபால் சட்டம் இதற்கு வகுத்த முறை கவனிக்கத்தக்கது. இரகசியம் காக்கக் கடமைப்பட்ட, இதற்கென நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரி மட்டுமே கடிதத்தைப் பிரிக்கலாம். அதுவும் அனுப்பியவரின் பெயரும் விலாசமும் அறிவதற்காகவே. உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால், கெட்டுப்போகாததாயின், ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இச்சட்டம் இருந்தது. பிறர் கடிதத்தைப் பிரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றே கருதியிருக்கிறார்கள், பாருங்கள்.

இவ்வேற்பாட்டில் நாம் நோக்கவேண்டிய மற்றொன்று செலவு. எழுதியவர் செய்த பிழைக்காக நேரத்தைச் செலவிட்டது ஒரு இலாகா. தபால்காரர் ஒரு கடிதத்துக்காக அரைமணி அலைந்தாலும் அவருடைய மாதச் சம்பளம் குறைவதில்லை. இன்று தனியார் பார்சல் தொழிலில் பலருக்குக் கொடுத்து முடித்த பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வீடு தெரியாமல் இருபது நிமிஷம் சுற்றினால் பெட்ரோலும் அவருடையது, இருபது நிமிஷமும் அவருடையது. நாம் எழுத மறந்த ஓர் எண்ணின் விலையை யார் தருகிறார் என்பது இப்போது தெளிவாகியிருக்கும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் இத்தகைய செயலி வழித் தொழிலாளர் என்ற வகையே நம் மத்தியச் சட்டத்தில் முதன்முதலாகப் பெயர் பெற்றது.

விலாசம் சரியாயிருந்தாலும், பெறுவோரின் விருப்பங்கள் இருக்கின்றன. ‘மணி அடிக்கவேண்டாம், குழந்தை தூங்குகிறது’. ‘மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைக்கவும்’. ‘மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குகிறோம், அதில் போடவும்’. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆயினும் இவற்றை விபரீத ஆசைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. ‘தொலைபேசியில் பேசவேண்டாம், செய்தி மட்டும் அனுப்புக’ என்று எழுதியவர் காது கேளாதவராக இருக்கலாம். பகலில் மணி அடிக்கக்கூடாது என்பவர் இரவு முழுதும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸாக இருக்கலாம். பெறுவோரின் வசதிக்கு இடங்கொடுப்பது புதிதுமன்று. வீட்டுக்கு வரவேண்டாம், தபாலாபீசிலேயே வைத்திருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி நெடுங்காலமாக உண்டு. பொருளைக் கண்டபின் பணம் தருவதற்கு வழிசெய்த வி.பி.பி. முறை 1877-இல் இந்தியாவில் தொடங்கியது.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், விருப்பமும் விதியும் மோதும் இடத்தில். வாசலில் வைத்துவிட்டுப் போவது 2020-இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் எங்கும் பரவிய வழக்கம். விலையுயர்ந்த பொருளுக்கோ, வாங்குபவர் ஓ.டி.பி. எண் சொன்னால்தான் கொடுக்கலாம் என்பது விதி. வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருக்கிறார். “வாசலில் வைத்துவிடுங்கள், எண்ணை இப்போதே சொல்லுகிறேன்” என்கிறார். முன்பின் அறியாதவரிடம் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொல்லாதே என்று வங்கிகள் நமக்கு ஓயாமல் எச்சரிக்கின்றன. சொன்னால் ஏமாறலாம், சொல்லாவிட்டால் பார்சல் திரும்பும். வைத்துவிட்டுப் போன பொருள் காணாமற்போனால், முதலில் விசாரிக்கப்படுபவர் பார்சல்காரரே. ஆகவே அவர் வாசலில் வைத்த பொருளைப் படம் பிடித்துக்கொள்கிறார். பாஸ்போர்ட்டு போன்றவற்றில் இந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை. விண்ணப்பித்தவர் கையில்தான் தருவார்கள். பக்கத்து வீட்டு மாமி எவ்வளவு நல்லவராயினும் அவரிடம் தரமாட்டார்கள்.

2025 மே மாதத்தில் தபால் இலாகா ‘டிஜிபின்’ என்ற புதுமுறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறிகள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு திருப்பத்தூர்களுக்கும், இரண்டு 27-களுக்கும், வெட்டுண்ட வேப்பமரத்துக்கும் இதில் குழப்பமே இல்லை. தெருப் பெயர் இல்லாத குடிசைக்கும் ஒரு குறி உண்டு. ஆனால் அந்தக் குறி இடத்தைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லாது. அடுக்குமாடிக் கட்டடமாயின், தரைத்தளத்து வீடும் நான்காம் மாடி வீடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். எந்த மாடி என்று அறியப் பார்சல்காரர் அப்போதும் கீழே வெயிலில் நின்று தொலைபேசியில் கூப்பிடவே வேண்டும்; கூப்பிடுவதற்கு அந்தப் பத்து இலக்கமாவது பிழையின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும்.