வேலை பெங்களூருவில், வீடு குன்னூரில்... வரி எங்கே?

கொரோனா காலத்தில் லேப்டாப்போடு மலையேறி வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அப்பாவின் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வரும். கர்நாடகத்துக்கு 'தொழில் வரி 200 ரூபாய்' பிடித்திருப்பார்கள். குடியிருப்பதோ தமிழ்நாடு. இங்கேயும் ஒருமுறை கட்ட வேண்டுமா?

முதலில் பெரிய பயத்தை இறக்கி வையுங்கள். சம்பளத்துக்கான வருமான வரி நம் நாட்டில் மத்திய அரசுக்கு மட்டுமே. அமெரிக்காவில் நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர், இரண்டு மாநிலங்களுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே ஒரே பான், ஒரே ரிட்டர்ன்.

தொழில் வரி மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும். கர்நாடகத்தில் மாதச் சம்பளம் 25,000 ரூபாயைத் தொட்டால் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் இதை வசூலிப்பவை உள்ளாட்சிகள். ஆறு மாதத்துக்கு அதிகபட்சம் 1,250. ஒரு மாநிலமோ ஓர் உள்ளாட்சியோ ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு போட்ட எல்லை. நடைமுறையில், எந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதோ, அந்த ஊர்க் கணக்கில்தான் கம்பெனி பிடிக்கும். பந்தலூர் பக்கமிருந்து தினமும் சுல்தான் பத்தேரிக்கு வேலைக்குப் போய்வருபவருக்கும் இதே கதைதான்; பிடித்த பணம் கேரள உள்ளாட்சிக்குப் போகும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நம் ஊர் உள்ளாட்சியிலிருந்து கேட்டு வந்தால் காட்ட அதுதான் சான்று.

நிஜமாகவே சறுக்கும் இடம் தேயிலை. தோட்டம் உங்கள் பெயரில் இருந்து, பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போடுகிறீர்கள் என்றால் அது விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிடும்போது இந்த வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் வரி கொஞ்சம் கூடலாம். ஃபேக்டரி பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது, மறைக்க நினைக்காதீர்கள். குன்னூரில் இருந்துகொண்டு பெங்களூரு வாடகை ரசீது கொடுப்பதும் வேண்டாத வேலை.

கடைசியாக, வாசலில் நிற்கும் கே.ஏ. நம்பர் கார். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். டி.என். 43 நம்பர் வாங்கும்போது இங்கே சாலை வரி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு முன் பழைய ஆர்.டி.ஓ-விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அடுத்த முறை ஆபீஸ் மீட்டிங்குக்கு பெங்களூரு போகும்போது, ஆர்.சி. புத்தகத்தையும் பையில் எடுத்து வையுங்கள்.