இருமுறை அழிந்த மலையாடு

"அழிந்துபோன விலங்குகளைக் குளோனிங் மூலம் திரும்பக் கொண்டுவர முடியுமா, சார்?" மரபியல் பாடம் நடத்தும்போது தவறாமல் எழும் கேள்வி இது. மாணவர்கள் டைனோசரில் தொடங்குவார்கள். நான் அவர்களை ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலைக்கு அழைத்துச் செல்வேன்.

அங்கு வாழ்ந்த 'புகார்டோ' என்னும் மலையாட்டினம் வேட்டையால் அருகிக்கொண்டே வந்தது. கடைசியில் எஞ்சியது செலியா என்ற ஒரே பெண் ஆடு. 1999-இல் அதன் தோல் செல்களை எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்தனர். 2000 ஜனவரியில் மரம் விழுந்து செலியா இறந்தது. அத்துடன் அந்த இனமும் அழிந்தது.

1996-இல் டாலி என்ற செம்மறியாடு பிறந்த அதே முறையை அறிவியலாளர்கள் பின்பற்றினர். வீட்டு ஆட்டின் அண்டச்செல்லிலிருந்து உட்கருவை நீக்கி, செலியாவின் செல்லை அதனுடன் இணைத்துக் கருக்களை உருவாக்கினர். அவற்றை 57 வாடகைத் தாய் ஆடுகளுக்குச் செலுத்தியதில் 7 சினையாயின. 2003 ஜூலை 30 அன்று ஒரே ஒரு குட்டி உயிருடன் பிறந்தது. நுரையீரல் குறைபாட்டால் அதுவும் சில நிமிடங்களில் இறந்தது. ஆக, புகார்டோ இருமுறை அழிந்தது!

இக்கதையைச் சொல்லியபின் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம்.

1. சிதையாத செல் கிடைக்குமா? டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது.

2. இணை உண்டா? செலியாவின் செல்களில் ஒய் குரோமோசோம் இல்லை. எத்தனை குளோன்கள் பிறந்தாலும் அனைத்தும் பெண் ஆடுகளே.

3. வாழிடம் பாதுகாப்பானதா? அழிவின் காரணம் நீங்காவிட்டால் பிறக்கும் குட்டியும் பிழைக்காது.

முதல் வினா உயிரணுவியல், இரண்டாவது மரபியல், மூன்றாவது சூழலியல். மூன்று பாடங்கள் ஒரே கதையில் இணைந்துவிடுகின்றன.

2014 முதல் பிரனீஸின் பிரெஞ்சுப் பகுதியில், புகார்டோவின் நெருங்கிய உறவான ஸ்பெயின் மலையாடுகளை விடுவித்து வருகின்றனர். அவை அங்கு இனப்பெருக்கம் செய்கின்றன. இதற்குக் குளோனிங் தேவைப்படவில்லை. உறவினம் உயிரோடு இருந்ததே போதுமானதாயிற்று.

நம் மாநில விலங்கான வரையாடும் ஆட்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதைக் காக்க 2022-இல் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் அறிவித்தது. 'அழிந்தால் ஆய்வகத்தில் உருவாக்கிக்கொள்ளலாம்' என்ற எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றினால், வரையாட்டைக் காக்கும் அக்கறை எங்கிருந்து வரும்? குளோனிங்கின் திறனோடு அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பிப்போம்.