மரண ரயில்பாதை: ஆஸ்கர் படத்தில் இல்லாத தமிழர்கள்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' பார்த்திருக்கீங்களா? 1957-ல் வெளியாகி 7 ஆஸ்கர் வாங்கிய படம். கதை கற்பனைதான், ரயில்பாதை நிஜம். 1942-43-ல் தாய்லாந்து - பர்மா இடையே ஜப்பான் ராணுவம் போட்ட அந்த 415 கி.மீ. பாதையில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் என்கிறது ஒரு மதிப்பீடு. அதில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

இது ஏன் நமக்கே அவ்வளவா தெரியல? படம் மட்டுமே காரணமில்லை, பதிவேடும்தான். கைதிகளுக்கு ராணுவ எண் இருந்தது. இறந்தவர்கள் பட்டியலை சக கைதிகள் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் உடல்களைத் தேடி எடுத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று ஏறக்குறைய 7,000 ராணுவக் கல்லறைகள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு ஒழுங்கான ஆள்கணக்கே கிடையாது. காலராவில் மொத்தமாகச் செத்தவர்களை மொத்தமாகவே புதைத்தார்கள். அந்த 90,000 இன்னமும் தோராயக் கணக்குதான்.