கருத்தரிப்பு சிகிச்சையும் இரட்டைக் கர்ப்பமும்

இயற்கையாகக் கருவுறும் பெண்களில் ஏறத்தாழ 80 பேரில் ஒருவருக்கு இரட்டைக் கர்ப்பம் அமைகிறது. மூன்று கருக்கள் ஒன்றாகத் தங்குவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கே நேர்கிறது. கருத்தரிப்பு சிகிச்சை இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. சிகிச்சையின் வகை, மருந்தின் அளவு, பெண்ணின் வயது, கருப்பையில் வைக்கப்படும் கருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து வாய்ப்பு கூடும், குறையும். வயதைத் தவிர மற்றவை மருத்துவரும் தம்பதியும் கலந்து முடிவு செய்யக்கூடியவை. அதனால் சிகிச்சையால் வரும் பல கருக் கர்ப்பங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க முடியும்.

இரட்டையர் உருவாகும் விதம்

ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் இரண்டு கருமுட்டைகள் வெளிவந்து தனித்தனியே கருவுற்றால் பிறப்பவர்கள் வேற்றுரு இரட்டையர். ஒரே கரு தொடக்க நாட்களில் இரண்டாகப் பிரிந்தால் பிறப்பவர்கள் ஒத்த இரட்டையர். குடும்பத்தில் இரட்டையர் பிறந்த வரலாறும், தாயின் வயது 35ஐ ஒட்டி இருப்பதும் முதல் வகைக்கான வாய்ப்பைக் கூட்டும். சிகிச்சையால் பெருகுவதும் பெரும்பாலும் இந்த முதல் வகைதான்.

முட்டை வளர்க்கும் மருந்துகள்

குளோமிஃபீன் மாத்திரையால் கருத்தரிப்பவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு இரட்டைக் கர்ப்பம் உண்டாகிறது. லெட்ரோசோல் மாத்திரை பெரும்பாலும் ஒரு முட்டையையே முதிரச் செய்வதால், அதில் இந்த வாய்ப்பு குறைவு. கொனாடோட்ரோபின் ஹார்மோன் ஊசிகள் ஒரே நேரத்தில் பல முட்டைகளை வளர்க்கக்கூடியவை. அவற்றால் கருத்தரிப்பவர்களில் 30 விழுக்காடு வரைகூடப் பல கருக்கள் தங்கலாம். மூன்று, நான்கு கருக்கள் தங்குவதும் இந்த ஊசிகளில்தான் அதிகம்.

முட்டைகள் வெளிவந்த பிறகு எத்தனை கருவுறும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே மருந்து எடுக்கும் நாட்களில் ஸ்கேன் மூலம் முட்டைப் பைகளின் வளர்ச்சியைக் கண்காணிப்பது இன்றியமையாதது. தேவைக்கு அதிகமான பைகள் முதிர்ந்திருந்தால், அந்த மாதம் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. சிகிச்சையை நிறுத்தி, தாம்பத்திய உறவையும் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்வார். ஒரு மாதம் வீணானதாகத் தோன்றினாலும் தாயைக் காக்கும் முடிவு அது.

ஐ.வி.எஃப். சிகிச்சையில்

ஐ.வி.எஃப். முறையில் கருவுறுதல் ஆய்வகத்தில் நடப்பதால், எத்தனை கருக்களைக் கருப்பையில் வைப்பது என்பதைத் தீர்மானிக்க முடிகிறது. ஒரே கருவை வைத்தால் இரட்டையர் வாய்ப்பு 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே. அந்த ஒரு கரு தானே பிரிந்தால்தான் அது நிகழும்.

இரண்டு கருக்களை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு இரு மடங்காகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. இரண்டு கருக்களை ஒன்றாக வைத்துக்கொண்டவர்களில் 43 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. முதலில் ஒரு கரு, அது தங்காவிட்டால் உறைநிலையில் சேமித்த இன்னொரு கரு என்று வைத்துக்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குப் பிறந்தது. முதல் பிரிவின் பிரசவங்களில் மூன்றில் ஒன்று இரட்டைப் பிரசவம். இரண்டாம் பிரிவில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஆபத்து

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். மூவராகப் பிறப்பவர்களில் ஏறத்தாழ அனைவருமே குறைமாதக் குழந்தைகள். சராசரியாக 32ஆம் வாரத்தை ஒட்டிப் பிறக்கிறார்கள். எடைக் குறைவு, மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, மூளைவாதம் ஆகிய ஆபத்துகள் இக்குழந்தைகளுக்குக் கூடுதல். தாய்க்கு ரத்தசோகை, பேறுகால உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஆகியவை வரும் வாய்ப்பு அதிகம். சிசேரியன் தேவையும் கூடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைச் செலவு பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

நாடுகளின் அனுபவம்

ஸ்வீடனில் 2003 முதல் ஒரே கருவை வைப்பது பொது விதியானது. பிரிட்டனில் 2008இல் ஐ.வி.எஃப். பிரசவங்களில் ஏறத்தாழ 24 விழுக்காடாக இருந்த பல குழந்தைப் பிரசவம், 2019இல் 6 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்பு சிகிச்சை ஒழுங்குமுறைச் சட்டம், பல கருக் கர்ப்பத்தின் ஆபத்தைத் தம்பதிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வதை மருத்துவமனைகளின் கடமையாக்கியுள்ளது.

தம்பதி கேட்க வேண்டியவை

• இந்த மருந்தில் இரட்டைக் கர்ப்பத்துக்கான வாய்ப்பு எவ்வளவு?
• எத்தனை முட்டைப் பைகள் வளர்ந்தால் சிகிச்சை நிறுத்தப்படும்?
• எத்தனை கருக்கள் வைக்கப்படும், ஏன்?
• மீதமுள்ள கருக்களை உறைநிலையில் சேமிக்கும் வசதி உண்டா, கட்டணம் எவ்வளவு?

வயது கூடியவர்களுக்கும், முன்பு பலமுறை சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் இரண்டு கருக்களை வைக்க மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதற்கான காரணத்தைத் தம்பதி தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

இரட்டைக் கர்ப்பம் உறுதியானால்

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், இரு கருக்களுக்கும் நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கண்டறிய வேண்டும். ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் கருக்களில் 10 முதல் 15 விழுக்காட்டில், ஒரு கருவின் ரத்தம் மற்றொன்றுக்கு அளவுக்கு மீறிப் பாய்கிறது. இதை உடனே கண்டுபிடிக்க, 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருக்கள் தங்கியிருந்தால், எண்ணிக்கையைக் குறைக்கும் சிகிச்சை பற்றியும் மருத்துவர் பேசுவார். அதில் கருச்சிதைவு அபாயம் உண்டு, மனச்சுமையும் பெரிது. யோசித்து முடிவெடுக்க அவகாசமும் ஆலோசனையும் தம்பதிக்குக் கிடைக்க வேண்டும்.

சிக்கல் ஏதும் இல்லாவிட்டாலும் இரட்டைக் கர்ப்பத்தில் 40 வாரம் காத்திருப்பதில்லை. தனித்தனி நச்சுக்கொடி இருந்தால் 37ஆம் வாரத்திலும், ஒன்றே இருந்தால் 36ஆம் வாரத்திலும் பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. 37 வாரத்துக்கு முன்பே வயிறு இறுகி வலித்தாலோ, ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.