ஞாயிற்றுக்கிழமை மீனும் திங்கட்கிழமைப் புழுவும்

ஞாயிறு காலையில் சங்கராவோ வஞ்சிரமோ வாங்கி வந்து வீட்டிலேயே ஆய்கிறோம். செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு முடிந்து தொட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். பல தெருக்களில் அன்று குப்பை வண்டி வராது. மறுநாள் காலை மூடியைத் திறந்தால் கவருக்குள் ஏதோ நெளிகிறது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, கவரையும் முடிந்துதான் போட்டோம். பிறகு எப்படி?

புழு எங்கிருந்து வருகிறது?

அழுகினால் புழு தானாகவே உண்டாகும் என்று உலகம் வெகுகாலம் நம்பியது. இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668-இல் அந்த நம்பிக்கையைச் சில குடுவைகளை வைத்தே உடைத்தார். இறைச்சி போட்ட குடுவைகளில் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார், சிலவற்றின் வாயில் மெல்லிய துணி கட்டினார். திறந்த குடுவையில் மட்டும் புழு வந்தது. துணி கட்டிய குடுவைக்கு வந்த ஈக்கள் உள்ளே போக முடியாமல் துணியின் மேலேயே முட்டையிட்டன.

நம் வீட்டுத் தொட்டியில் நடப்பதும் அதுதான், ஒரு சிறு மாற்றத்தோடு. மீன் கழிவில் முட்டை பெரும்பாலும் தொட்டிக்கு வருவதற்கு முன்பே ஏறிவிடுகிறது. சந்தைப் பலகையில் இருக்கும்போதோ, கொல்லையில் உட்கார்ந்து ஆயும்போதோ, கழிவுச் சட்டி திறந்தபடி கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்திலோ ஈ வந்து உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதன் பிறகு கவரை எவ்வளவு இறுக்கி முடிந்தாலும் முட்டையையும் சேர்த்தே உள்ளே பூட்டுகிறோம். நம் ஊர் வெப்பத்தில் அது பொரிக்க ஒரு நாள்கூட வேண்டியதில்லை.

மூடிதான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூடி அவசியம், ஆனால் அது பாதி வேலைதான்.

ஒரு வாரக் கணக்கு

வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். வாழ்நாளில் இப்படிப் பல தடவை இட்டு ஏறக்குறைய 500 வரை சேர்த்துவிடும். முட்டை பொரித்ததும் புழு ஈரக் குப்பைக்குள் இறங்கித் தின்று பெருக்கிறது. சூடான சூழலில் நான்கைந்து நாளில் முழு வளர்ச்சி அடைகிறது. பிறகு அது செய்யும் காரியத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஈரத்தை விட்டு வெளியேறி, உலர்ந்த, இருட்டான மூலையைத் தேடி ஊர்ந்து போகிறது. தொட்டிக்குப் பின்னால், மிதியடிக்கு அடியில், சுவரோரத் தூசியில் போய்க் கூட்டுப்புழுவாகிறது. செம்பழுப்பு நிறத்தில் அரிசி அளவில் ஏதாவது கிடந்தால் அது எலிப் புழுக்கை என்று பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அடுத்த சில நாளில் அதிலிருந்து ஈ பறந்து போகிறது.

முட்டையில் தொடங்கி ஈயாகும் வரை, தமிழ்நாட்டின் பெரும்பாலான மாதங்களில், 7 முதல் 10 நாள். குளிர்நாடுகளில் இதே பயணத்துக்குப் பல வாரம் பிடிக்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் வேலை எளிதாகிறது. ஈரக் குப்பை தினமும் வீட்டை விட்டுப் போய், தொட்டியும் நான்கு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவப்பட்டால், எந்த முட்டையும் உங்கள் வீட்டில் ஈயாக முடியாது. பேட்டை எடுத்துக்கொண்டு ஈயைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பறக்கிற ஈ ஒன்றை அடிக்கும் நேரத்தில் தொட்டியின் அடியில் நூறு வளர்ந்துகொண்டிருக்கும். மருந்தடிப்பதும் அப்படித்தான். டிடிடி வந்த சில ஆண்டுகளிலேயே, 1940-களில், வீட்டு ஈ அதற்கு எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த பல மருந்துகளுக்கும் அது பழகிவிட்டது.

எந்தக் குப்பைக்கு எந்த ஈ?

மீன், கோழிக் கழிவை முதலில் மோப்பம் பிடிப்பது பளபளக்கும் பச்சை ஈயும் நீல ஈயும். சாம்பல் நிறத்தில் வயிற்றில் கட்டம் போட்டது போல இருக்கும் இறைச்சி ஈ இன்னும் ஒருபடி மேலே போகும். முட்டைக்குப் பதில் நேராகப் புழுவையே ஈன்றுவிடும். பழைய சோறு, காய்கறித் தோல், குழந்தையின் டயாப்பர் ஆகியவை வீட்டு ஈக்குப் பிடித்தவை. வாழைப்பழத் தோலையும் மாங்கொட்டையையும் சுற்றும் மிகச் சிறியவை பழ ஈக்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி வைத்தால் அவை அதிலேயே விழுந்துவிடும்.

இந்த ஈக்கள் பகலில்தான் இயங்குகின்றன. இரவில் முட்டையிடுவது அரிது. எனவே மீன் கழிவு எத்தனை மணி நேரம் பகல் வெளிச்சத்தில் கிடக்கிறது என்பதே முக்கியம்.

உடலுக்கு என்ன கேடு?

ஈயால் கடித்து மென்று தின்ன முடியாது. திடமான உணவின் மேல் உமிழ்நீரையும், முன்பு உறிஞ்சி வைத்ததையும் கக்கிக் கரைத்து, பிறகு உறிஞ்சும். உட்கார்ந்த இடத்திலேயே அடிக்கடி கழியவும் செய்யும். மலத்தின் மேல் உட்கார்ந்து எழுந்த கால்களின் மயிரிலும் பசையிலும் ஒட்டியது, அடுத்த நிமிடம் இட்லித் தட்டில். சீதபேதி, வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகள் இந்த வழியாகவும் பரவ முடியும்.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேல் ராணுவ முகாம்களில் 1988, 1989 கோடைகளில் ஈப் பொறிகளை வைத்துத் தீவிரமாக ஈயைக் கட்டுப்படுத்தினார்கள். வயிற்றுப்போக்குக்காக மருத்துவரிடம் வந்தவர்கள் 42 சதவீதம் குறைந்தார்கள். ஷிகெல்லா கிருமியால் வரும் சீதபேதி 85 சதவீதம் குறைந்தது. 1991-இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. ஷிகெல்லா நோய் உண்டாக்க மிகச் சில கிருமிகளே போதும் என்பதால் ஈயின் காலில் வரும் அளவே அதற்குத் தாராளம்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஆகியோரின் திறந்த புண்ணிலும் ஈ முட்டையிடும். அவர்களுக்கு வலி தெரியாது, எனவே வீட்டாருக்கும் தாமதமாகவே தெரியும். புண்ணைக் கட்டுப்போட்டு மூடி வையுங்கள். புழு கண்ணில் பட்டால் மண்ணெண்ணெய் ஊற்றுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஈரத்தைக் குறையுங்கள்

புழு வாழ ஈரம் வேண்டும். உலர்ந்த குப்பையில் முட்டை பொரித்தாலும் புழு நிலைக்காது. ஆகவே சாம்பார் மிச்சத்தையும் காபித் தூளையும் அப்படியே தொட்டியில் கவிழ்க்காமல், ஒரு வடிகட்டியில் போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். தொட்டியின் அடியில் நாலைந்து செய்தித்தாளை மடித்து விரித்தால் கசிவதை அது குடித்துக்கொள்ளும். தினமும் அந்தத் தாளோடு சேர்த்தே குப்பையைக் கொட்டிவிடலாம். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது மறுசுழற்சிக்காக. ஆனால் புழுவைத் தடுக்கவும் அதைவிடச் சிறந்த வழி கிடையாது. பால் கவரையும் எச்சில் சோற்றையும் ஒன்றாகப் போட்டால் எல்லாமே ஈரக் குப்பையாகிவிடுகிறது.

மீன், கோழிக் கழிவுக்கு என் பரிந்துரை ஃப்ரீசர். பலர் முகம் சுளிப்பார்கள். ஆய்ந்த கையோடு கழிவைத் தாளில் சுற்றி, அதற்கென்று ஒதுக்கிய மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள். வண்டி வரும் நேரத்தில் எடுத்துக் கொடுங்கள். மணமும் இல்லை, புழுவும் இல்லை. அது முடியாத வீடுகளில், கடையிலேயே சுத்தம் செய்து வாங்கிவிடுவது நல்லது.

டயாப்பரில் உள்ள மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, உட்பக்கமாகச் சுருட்டித் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். இதெல்லாம் கடைசியில் ஒரு தூய்மைப் பணியாளரின் கையில்தான் போய்ச் சேர்கிறது.

அந்துருண்டையைத் தொட்டியில் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. புழுவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால்தான் விபரீதம்.

புழு வந்துவிட்டால்

குப்பையைக் கொட்டிவிட்டு, காலித் தொட்டியில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி என்றால் நெளிந்துவிடும், கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றலாம். பிறகு சோப்புத் தூள் போட்டு, விளிம்பின் மடிப்பையும் மூடியின் உட்புறத்தையும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு தொட்டி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று எப்போதும் காய்ந்திருக்கும். தொட்டி இருந்த இடத்தையும் சுற்றியுள்ள மூலைகளையும் பெருக்குங்கள், கூட்டுப்புழு அங்கேதான் இருக்கும்.

பிளீச்சிங் பவுடர் போடலாம். ஆனால் அதோடு பாத்ரூம் ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். புழுவை ஒழிக்கப் போய் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர வேண்டியதாகிவிடும்.

உரத்தொட்டியில் இருப்பது வேறு புழு

மாடியில் காய்கறிக் கழிவை மக்க வைப்பவர்கள், தட்டையாக, தடித்த தோலோடு, பழுப்பு நிறத்தில் பெரிய புழுக்களைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுண்டு. அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈ என்ற இனத்தின் புழுக்கள். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டைத் தேடி வருவதில்லை. புழுவோ கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அவை அளவுக்கு மீறிப் பெருகினால் உள்ளே ஈரம் அதிகம் என்று பொருள். தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ ஒரு அடுக்குப் போட்டுக் கிளறிவிடுங்கள். பக்கத்தில் யாராவது கோழி வளர்த்தால் ஒரு கிண்ணம் அள்ளிக் கொடுக்கலாம், கோழிகள் ஒன்றையும் மிச்சம் வைக்காது.