காது இல்லாத வாத்தியார்: இணையத்தில் கிட்டார் கற்க நல்ல பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஈப்போவின் சிலிபினில் ஒரு பையனுக்குக் கிட்டார் ஆசை வந்தால் முன்பெல்லாம் இரண்டே வழிதான். ஈப்போ டவுனில் மாதக் கட்டணம் கட்டி இசை வகுப்புக்குப் போக வேண்டும்; அதற்கு வசதியில்லை என்றால், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் யாரையாவது பிடித்து அவர் விரலைப் பார்த்தே பழக வேண்டும். தோட்டத்து லயத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இரண்டாவது வழியே பெரும் பேறு. சீனாவின் குவாங்சோவில் செய்து வந்த 'கப்போக்' கிட்டார் ஒன்று கிடைத்தாலே போதும் என்றிருந்த காலம் அது. மலாய்க்காரர்கள் சாதாரணக் கிட்டாரை இன்றும் 'கித்தார் கப்போக்' என்பது அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

இன்று கைப்பேசியில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. தலைவலி வேறு பக்கம் வந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு வீடியோ, நாளைக்கு வேறொருவரின் வீடியோ என்று தாவினால், மூன்று மாதம் கழித்து ஐந்து பாட்டின் தொடக்கம் தெரியும். ஒரு பாட்டும் முழுசாக வராது. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இருக்காது, தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கும்.

நல்ல இணையப் பாடத்துக்கு மூன்று தேவை: வரிசை, அளவுகோல், காது. முதல் இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றாவதை நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். வீடியோ எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், நாம் வாசிப்பதை அது கேட்பதில்லை.

தொலைவிலிருந்து கற்பது ஒன்றும் புதிதல்ல. இளையராஜா லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் படிப்பைத் தொலைநிலைக் கல்வி வழியாக முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றவர். பாடத்திட்டம் லண்டனுடையது என்றாலும், சென்னையில் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுத் திருத்த தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். தூரத்துப் பாடமும் பக்கத்துக் காதும் சேர்ந்த அந்த ஏற்பாடு இன்றைக்கும் செல்லும்.

வரிசை: ஒரே பாடத்திட்டம், மூன்று மாதம்

தொடக்கக்காரருக்கு உடனே சொல்லக்கூடிய பெயர் 'ஜஸ்டின் கிட்டார்'. டாஸ்மேனியாவில் பிறந்து லண்டனில் குடியேறிய ஜஸ்டின் சாண்டர்கோ 2003இல் தொடங்கிய தளம் இது. அடிப்படைப் பாடங்களுக்குக் காசில்லை. முக்கியமாக, பாடங்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் பாடத்தை முடித்தால் இரண்டாவது எது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் நிதானமானது, படிவம் இரண்டு மாணவருக்கே விளங்கும். கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 2017இல் கொண்டுவந்த 'ஃபெண்டர் பிளே' சின்னச் சின்னப் பாடங்களாக நறுக்கித் தருவது. அதற்குச் சந்தா உண்டு.

தமிழில் சொல்லிக்கொடுக்கும் யூடியூப் சேனல்களும் நிறைய. அங்கே ஒன்றைக் கவனியுங்கள். தனித்தனிப் பாட்டுகளின் குவியலாக இருக்கிறதா, அல்லது முதல் நாளிலிருந்து வரிசைப்படுத்திய பட்டியல் இருக்கிறதா? குவியல் என்றால், அடிப்படை வந்தபிறகு பாட்டு எடுக்க அங்கே போகலாம். தொடக்கத்துக்கு அது ஆகாது.

வரிசை சரியா என்று சந்தேகம் வந்தால் ஒத்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி போன்ற தேர்வு அமைப்புகள் தங்கள் பாடத்திட்டத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்த நிலையில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது எட்டு நிலைகளாக அதில் இருக்கும். தேர்வு எழுதுகிறீர்களோ இல்லையோ, அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். எழுத நினைத்தால், 2020க்குப் பிறகு வீட்டில் வாசித்து வீடியோவாக அனுப்பும் முறையும் வந்துவிட்டது.

முதல் ஐந்து நிமிடத்தில் எடை போடுங்கள்

ஒரு வாத்தியார் தேறுவாரா என்று பார்க்க 'சி' கார்டு பாடம் ஒன்றே போதும். மோதிர விரல் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில், நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில், ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில். இதை எல்லாரும் சொல்வார்கள். நல்ல வாத்தியார் இதோடு நிற்க மாட்டார். "இப்போது ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள், கடைசியில் இருக்கும் மெல்லிய கம்பி ஊமையாக இருக்கும்" என்பார். ஏன் என்றும் சொல்வார்: ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது. விரலை நிமிர்த்தி நுனியில் நிறுத்தினால், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே இறக்கினால், அந்தக் கம்பி பேசத் தொடங்கும்.

மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் வாத்தியார். அது தெரியாதவர் நல்ல வாசிப்புக்காரராக இருக்கலாம், ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கூடவே இவற்றையும் பாருங்கள். இரண்டு கையும் தெளிவாகத் தெரிகிறதா? தொடங்குமுன் கம்பிகளைச் சுருதி சேர்க்கச் சொல்கிறாரா? முதலில் மெதுவாக வாசித்துக் காட்டுகிறாரா? முடிக்கும்போது நாளைக்கு என்ன பயிற்சி என்று சொல்கிறாரா? நான்கில் மூன்று இருந்தால் அவரோடு தொடரலாம். யூடியூபில் வேகத்தை 0.75 அல்லது 0.5 ஆகக் குறைத்துப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கணினியில் என்றால், வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். விரல் எந்த நொடியில் எழுகிறது என்பதுகூடத் தெரியும்.

அளவுகோல்: ஒரு நிமிடக் கணக்கு

முன்னேறுகிறோமா என்பதை மனசிடம் கேட்டால் அது அன்றைய பொழுதுக்கு ஏற்றபடி பதில் சொல்லும். எண்ணிக்கையிடம் கேளுங்கள். ஜஸ்டின் பிரபலமாக்கிய பயிற்சி ஒன்று இதற்குத் தோது. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். அவர் வைக்கும் இலக்கு நிமிடத்துக்கு 60 மாற்றம்.

இந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 80 அடி ஓடும் பாட்டில் நான்கு அடிக்கு ஒரு கார்டு மாறினால், தேவைப்படுவது நிமிடத்துக்கு 20 மாற்றம்தான். 30 எட்டிவிட்டால் பாட்டு கைக்கு வந்துவிடும். 60 எட்டினால் பாடிக்கொண்டே வாசிக்கலாம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் எஸ்.பி.எம். மாணவருக்கும் தினம் 15 நிமிடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது பலன் தரும், விரல் நுனியும் புண்ணாகாது. நுனி வலி, சில வாரத்தில் தோல் காய்த்ததும் போய்விடும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், பிடிக்கும் விதத்தில் ஏதோ தவறு இருக்கிறது.

காது: யார் கேட்பது?

செயலிகள் பாதிக் காது. 'யூசிஷியன்' உங்கள் கைப்பேசியின் மைக் வழியாகக் கேட்டு, சுரம் சரியா, தாளத்தில் விழுந்ததா என்று சொல்லும். அதே நிறுவனத்தின் 'கிட்டார்டூனா' சுருதி சேர்க்க உதவும். ஆனால் உங்கள் தோள் இறுகியிருப்பதும் மணிக்கட்டு வளைந்திருப்பதும் இவற்றுக்குத் தெரியாது.

முழுக் காது வேண்டுமென்றால் நேரலை வகுப்பு. நேரக் கணக்கை முதலில் பாருங்கள். சென்னை வாத்தியாருக்கு மாலை 6 மணி என்றால் ஈப்போவில் இரவு 8.30, வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்காரத் தோதான நேரம். லண்டன்காரரின் காலை 10 மணி நமக்கு மாலை 5 அல்லது 6.

நேரலையில் இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது. ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் பிசகும். அவர் வாசிக்க நீங்கள் கேட்பது, பிறகு நீங்கள் வாசிக்க அவர் கேட்பது என்றுதான் வகுப்பு நடக்க வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் பின்னணிச் சத்தம் என்று நினைத்து அது கிட்டார் ஒலியையே விழுங்கிவிடும். பிள்ளைக்கு வகுப்பு என்றால் கூடத்தில், பெரியவர் கண்பார்வையில் நடக்கட்டும்.

அந்த வாத்தியார் வாராவாரம் வேண்டுமென்பதில்லை. இலவசப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு மாதம் ஒரு நேரலை வகுப்பு எடுத்தாலே பிடித் தவறுகள் தலைதூக்கும் முன்பே தெரிந்துவிடும். அதற்கும் வசதியில்லை என்றால் ஊரைப் பாருங்கள். சிலிபின் லூர்து மாதா ஆலயத்தைப் போலத் தமிழர்கள் கூடும் இடங்களில் பாடகர் குழு என்று ஒன்று இருந்தால், கிட்டார் பிடித்தவர் ஒருவராவது இருப்பார். கல்யாண மேடையில் வாசிக்கும் இசைக்குழுக்காரரும் உண்டு. "அண்ணே, பத்து நிமிஷம் என் கையைப் பாருங்க" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். யாருமே கிடைக்காவிட்டால் வாரம் ஒருமுறை உங்களையே பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பிசகு அப்போது கேட்கும்.

தமிழ்ப் பாட்டுக்குப் போகும்போது

ஆங்கிலப் பாடங்களில் தொடக்கக்காரருக்குச் சொல்லித் தரும் மீட்டல் பெரும்பாலும் நான்கடித் தாளம். தமிழ்த் திரைப்பாட்டிலும் கோயில் பாட்டிலும் ஆறடி நடை, அதாவது மும்மூன்றாக ஓடும் நடை, மிக அதிகம். நான்கடியை மட்டும் பழகியவர் பிடித்த பாட்டைத் தொட்டதும் தடுமாறுவது இதனால்தான். பாடத்திட்டத்தில் ஆறடி மீட்டல் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து, கொஞ்சம் முன்னதாகவே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்த தொல்லை சுருதி. பாட்டு 'எஃப் மைனர்' என்று போட்டிருக்கும். அதற்கு ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி வேண்டும், தொடக்கக்காரர் கை தாங்காது. 'கேப்போ' என்னும் கவ்வியை முதல் ஃபிரெட்டில் மாட்டி 'ஈ மைனர்' பிடித்தால் அதே சுருதி வந்துவிடும். தானாகவே கார்டு கண்டுபிடித்துத் தரும் தளங்களை முதல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் தபேலாவும் கலந்த பாட்டில் அவை அடிக்கடி ஏமாறும்.

காசும் கருவியும்

சந்தாவில் இலவச நாள்கள் முடிந்ததும் அட்டையில் பணம் தானாகக் கழியும். சேரும் அன்றே ரத்து செய்வது எப்படி என்று பார்த்து, கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். விலை டாலரில் இருந்தால் வெள்ளிக்கு மாற்றிப் பாருங்கள். பதிவு பெற்ற வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி முதல் சேவை வரி வசூலிக்கிறது. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச்சில் 8 ஆனது. ஆண்டுச் சந்தா மலிவு என்று தோன்றும், ஆனால் முதல் மூன்று மாதம் தாண்டும் வரை மாதச் சந்தாவே புத்திசாலித்தனம்.

கருவி சரியில்லை என்றால் எந்தப் பாடமும் உதவாது. ஈப்போவின் ஈரக்காற்றில் மரம் ஊதிக் கம்பி உயர்ந்துவிடும், துருவும் ஏறும். இரும்புக் கம்பிக் கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பிக்கு இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. நான்குக்கு மேல் போனால் விரலைக் குறை சொல்லாமல் கடைக்காரரிடம் சரிசெய்யக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து உறையில் வையுங்கள்.

வீடியோக்களில் பாடமல்லாத சிலதையும் பார்க்க வேண்டும். ஈப்போவில் பிறந்து சிங்கப்பூர் மேடைகளில் பேர் வாங்கி 2012இல் மறைந்த பால் பொன்னுதுரை, பிறர் பாட்டை எடுத்து அடையாளமே தெரியாதபடி தன் பாட்டாக மாற்றி வாசிப்பார். அதில் பயிற்சிக் குறிப்பு எதுவும் கிடைக்காது. நம்மூர்க் கை எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவே. இரண்டு பாடத்திட்டங்களின் 'சி' கார்டு வீடியோவைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை மூன்று மாதத்துக்குத் திறக்காதீர்கள். ஒரு நிமிடக் கணக்கை எழுத ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் கையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளிடம் இப்போதே பேசி வையுங்கள். அந்த ஆள் கிடைத்துவிட்டால், மீதியை இலவசப் பாடமே பார்த்துக்கொள்ளும்.